ஹேண்டில்பாரில் ஒரு பிடி

பைக் ஹேண்டில்பாரில் போனைத் தாங்கி நிற்கும் ஹோல்டரை நின்று பார்த்திருக்கிறீர்களா? நான்கு மூலையிலும் நண்டுக் கால் போல நான்கு பிடிகள். போனை வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அது காதில் விழுந்த பிறகுதான் எனக்குச் சாவியைத் திருப்ப மனம் வரும். அதை மாட்டுவதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. எனக்கு மாட்டித் தந்த கடைத் தம்பி, பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, ஹேண்டில்பாரில் இறுகச் சுற்றி, அதன்மேல் கிளாம்பை வைத்தார். ஆலன் கீயை ஒரே மூச்சில் முறுக்கவில்லை. இந்தத் திருகில் அரைச் சுற்று, அந்தத் திருகில் அரைச் சுற்று. பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டேங்கில் இடிக்கிறதா, கிளட்ச் கேபிளை இழுக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் என்னை வண்டியில் உட்காரவைத்து, வெயில் பட்டுக் கண் கூசாதபடி திரையைக் கொஞ்சம் சாய்த்தார். அந்தச் சாய்வுதான் எவ்வளவு சரி!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த ஹோல்டரின் அருமை தெரிந்தது. எஞ்சினின் நடுக்கத்தை ரப்பர் வாங்கிக்கொள்ள, கண்ணை ஒரு கணம் தாழ்த்தினால் மேப்பில் வழிகாட்டும் நீலக் கோடு அசையாமல் கிடக்கிறது. போன் கேமராவின் நுண்ணிய பாகங்களுக்கு ஓயாத அதிர்வு ஆகாது. அதனால் அதிர்வு தாங்கும் ரப்பருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணல்ல. கிளம்பும் முன் திருகை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஓட ஓட அது மெல்லத் தளரும்.