சமைத்தே பார்த்துவிட்டார்!

உங்கள் வீட்டில் ஒரு சமையல் புத்தகமாவது இருக்கும். கல்யாணத்துக்கு யாரோ பரிசளித்ததோ, புத்தகக் கண்காட்சியில் பத்து பர்சன்ட் கழிவில் வாங்கியதோ. அதை எடுத்து ஒருமுறை புரட்டுங்கள். எந்தப் பக்கத்தில் மஞ்சள் கறை, எந்தப் பக்கம் எண்ணெய் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது என்று பார்த்தாலே அந்த வீட்டு நாக்கின் ஜாதகம் தெரிந்துவிடும். ரசப்பொடி, மைசூர்பாகு, மாங்காய்த் தொக்கு... மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு பக்கம். மிச்சமெல்லாம் அச்சாபீஸ் வாசனை போகாமல் அப்படியே இருக்கும்.

நாவலைப் பாதியில் மூடினால் நமக்குக் கொஞ்சம் குற்ற உணர்வு வருகிறது. சமையல் புத்தகத்தில் முக்கால்வாசியைத் தொடாமலே விடுகிறோம், யாரும் கேட்பதில்லை. ஆனால், அது நல்ல புத்தகமா இல்லையா என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. வழவழ போட்டோவைப் பார்த்து மார்க் போட முடியுமா? சொன்னபடி அடுப்பு மூட்டி, சொன்னபடி கிளறி, வாயில் போட்டுப் பார்த்தாக வேண்டும். எஸ்.மீனாட்சி அம்மாள் 1951-ல் கொண்டுவந்த புத்தகத்துக்கு 'சமைத்துப் பார்' என்று பெயர் வைத்தாரே, அந்தத் தலைப்பிலேயே ஒரு சவால் இருக்கிறது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்கிற அதே தொனி.

அமெரிக்காவில் ஒரு பெண் இன்னொரு புத்தகத்தின் மேல் இந்தச் சவாலை முழுசாக எடுத்துக்கொண்டு, அதில் இருந்த அத்தனையையும் வீட்டில் சமைத்தே பார்த்துவிட்டார். பெயர், ஜூலி பவல். அதை அவரே 2005-ல் 'ஜூலி அண்ட் ஜூலியா' என்று புத்தகமாக எழுதினார். 2009-ல் நோரா எஃப்ரான் அதைப் படமாக எடுத்தார். மெரில் ஸ்ட்ரீப் நடித்த படம் என்றால் உங்களில் பலருக்கு ஞாபகம் வரும். படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் புத்தகத்தைப் படித்ததில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சில சந்தேகங்கள்.

முதலில் கதை. 2002 ஆகஸ்ட். ஜூலிக்கு 29 வயது. நடிகையாகும் ஆசையோடு வந்து, கடைசியில் நியூயார்க்கில் செக்ரட்டரி வேலை. அதுவும் எங்கே? செப்டம்பர் 11-ல் இடிந்த உலக வர்த்தக மையப் பகுதியை மறுபடி கட்டி எழுப்புவதற்காக உண்டாக்கிய அரசு அமைப்பில். போனை எடுத்தால் யாராவது அழுவார்கள், அல்லது திட்டுவார்கள். சாயங்காலம் ரயில் பிடித்து குயின்ஸ் பகுதியில் இருக்கும் சின்ன அபார்ட்மென்டுக்குத் திரும்பினால் ஆளே நடக்க முடியாத கிச்சன். அந்த நிலைமையில் அவர் கையில் கிடைத்தது அம்மாவின் பழைய சமையல் புத்தகம். 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃப்ரெஞ்ச் குக்கிங்', முதல் பாகம். ஜூலியா சைல்ட், சிமோன் பெக், லூயிசெட் பெர்த்தோல் மூன்று பேரும் சேர்ந்து எழுதி 1961-ல் வந்தது. எழுநூறு பக்கத்துக்கு மேல், தலையணை சைஸ்.

365 நாள், 524 ஐட்டம். நான் படித்தது பி.காம். ஆகவே உடனே வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 1.44 வருகிறது. வாரத்துக்குப் பத்து. முழு நேர வேலைக்குப் போய்க்கொண்டு, சாமானுக்குக் கடை கடையாக அலைந்து, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு. தட்டு கழுவுவது கணவர் எரிக். அந்த மனிதருக்குத் தனியாக ஒரு மெடல் கொடுத்திருக்க வேண்டும்! எல்லோரும் சமைத்தவரைப் பாராட்டுகிறார்கள். வருஷம் பூராவும் வெண்ணெயும் க்ரீமுமாக வந்ததை மறுக்காமல் சாப்பிட்டவரை யார் நினைக்கிறார்கள்?

எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் இரண்டு விஷயம் வரும். ஒன்று, டெஸ்ட் செக். நூறு வவுச்சரில் பத்தை உருவிப் பார்த்து, சரியாக இருந்தால் மிச்சமும் சரியாக இருக்கும் என்று நம்புவது. நாமெல்லாம் சமையல் புத்தகத்தில் செய்வது அதுதான். இன்னொன்று, ஒன்றுவிடாமல் அத்தனை வவுச்சரையும் பார்த்து டிக் அடிப்பது. காசும் பொழுதும் கொள்ளை போகும். ஆனால், டெஸ்ட் செக்கில் வராத சங்கதிகள் அதில்தான் வெளியே வரும்.

என்ன சங்கதிகள்? இந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். அது பற்று வரவுப் பேரேடு மாதிரி இரண்டு பத்தியாக அச்சிட்டது. எந்தக் கட்டத்தில் எந்தச் சாமான் தேவையோ அது இடது பக்கம், அந்தக் கட்டத்தின் வேலை எதிரிலேயே வலது பக்கம். தவிர, அங்கே ஐட்டங்கள் தனித்தனித் தீவாக இல்லை. ஒரு தாய்க் குறிப்பு, அதன் பின்னால் குழந்தை குட்டிகள். வெண்ணெயில் மாவைக் கருகாமல் வதக்கிக் கொதிக்கும் பாலை ஊற்றி அடித்தால் பெஷமெல் என்ற வெள்ளைக் குழம்பு. அதிலே சீஸ் போட்டால் மோர்னே. க்ரீம் சேர்த்தால் வேறு பெயர். பாலுக்குப் பதில் கோழிச் சாறு ஊற்றினால் இன்னொரு பெயர். நம் வீட்டில் புளிக்குழம்பு படிந்த கைக்கு வத்தல்குழம்பும் வெந்தயக்குழம்பும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை அல்லவா, அந்த மாதிரி. ஆக, 524 என்ற எண்ணிக்கை பயமுறுத்துவதாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது சில டஜன் அடிப்படைகள்தான். இது பத்து ஐட்டம் செய்கிறவருக்குத் தெரியாது. வரிசையாகச் செய்துகொண்டே போகிறவரின் கைக்குத்தான் ஒரு கட்டத்தில் புலப்படும்.

இன்னொன்று, பிடிக்காததையும் செய்தாக வேண்டும். மூளை, கிட்னி, இரால் வகையிலே பெரியதான லாப்ஸ்டரை உயிரோடு பிளப்பது, ஆஸ்பிக். இந்த ஆஸ்பிக் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஆட்டுக்கால் சூப் ஆறினால் ஜெல்லியாக உறைந்துபோகும் இல்லையா, ஏறக்குறைய அதேதான். கன்றுக்குட்டிக் காலைக் கொதிக்கவைத்து, வடிகட்டித் தெளியவைத்து, அதற்குள்ளே முட்டையையோ கோழியையோ புதைத்து, சில்லென்று தட்டில் கவிழ்ப்பார்கள். சூடான சாப்பாட்டுக்குப் பழகிய யாருக்கும் முதல் பார்வையிலேயே வயிற்றைப் புரட்டும். ஜூலிக்கும் புரட்டியது. டெஸ்ட் செக்கில் ஆஸ்பிக் பக்கத்தை யாராவது திறப்பார்களா? முழுசாகச் செய்கிறேன் என்று சபதம் போட்டவர்தான் திறப்பார். ஒரு எழுத்தாளரின் தேர்ந்தெடுத்த கதைகளைப் படிப்பதற்கும் மொத்தத் தொகுப்பையும் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. சுமாரானவையும் சேர்ந்து வரும்போதுதான் ஆள் யார் என்று தெரிகிறது.

சரி, 524-க்கும் டிக் அடித்தாயிற்று. ரிப்போர்ட் எங்கே?

இதுதான் ஜூலி பவல் புத்தகத்தின் மேல் என் புகார். முன்னூறு பக்கம் படித்து முடித்தபிறகு நமக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரிகிறது. வேலை, வயசு, குழந்தை பிறக்குமா என்ற கவலை, சிநேகிதிகளின் காதல் சண்டைகள், பாத்திரம் வடிகட்டும் தட்டுக்கு அடியிலே நெளிந்த புழு வரைக்கும். அந்தப் புழுவை நான் மிகவும் ரசித்தேன், தப்பாக நினைக்காதீர்கள். பெரிய சமையல் நடக்கிற சின்ன வீடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று மறைக்காமல் சொல்லும் தைரியம் அது. ஆனால், எந்தக் குறிப்பு ஏமாற்றியது, எதிலே சொன்ன நேரம் போதவில்லை, எதை மறுபடி மறுபடி செய்வீர்கள், முன்னூறாவது ஐட்டத்தில் கை என்ன கற்றுக்கொண்டிருந்தது? இவற்றுக்குப் பதில் மிகவும் சொற்பம். அவருக்கு வராது என்றும் சொல்ல முடியாது. எலும்பைக் குடைந்து மஜ்ஜை எடுத்து மாட்டிறைச்சியின் மேல் சாஸாக ஊற்றிச் சாப்பிட்ட இடம் ஒன்று வருகிறது. அதைப் படித்தால் சைவர்களுக்கே நாக்கு கொஞ்சம் தடுமாறும். அந்த மாதிரி இன்னும் முப்பது இடம் இருந்திருந்தால் புத்தகத்தின் கதியே வேறு.

இதே குறையை ஜூடித் ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். ஜூலியாவின் புத்தகத்தை ஒரு பிரபல கம்பெனி திருப்பி அனுப்பியபிறகு, அதன் அருமை தெரிந்து க்னாஃப் நிறுவனத்தில் பதிப்பிக்க வைத்த எடிட்டர். ஜூலியா 2004-ல், 92-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் காலமானார். அவருக்கும் இந்த முயற்சி பிடிக்கவில்லை, அதை ஒரு விளம்பர வித்தையாகத்தான் பார்த்தார், அந்தப் பெண்ணைச் சமையலில் அக்கறையுள்ளவராக எண்ணவில்லை என்று ஜோன்ஸ் பேட்டியில் சொன்னார். செய்த பதார்த்தம் எப்படி இருந்தது, என்ன கற்றார் என்று ஜூலி எழுதவே இல்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

குறை நியாயம்தான். ஆனால், இந்த ஜோன்ஸைத்தான் ஜூலி ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைக்கும் பஃப் பூர்கிஞோன் செய்து காத்திருந்தார். வானிலை மோசம் என்று ஜோன்ஸ் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திட்டியிருக்கலாம்!

ஜூலியாவின் கோபம்தான் எனக்கு இன்னும் புதிர். ஏனென்றால், அவரே சமைத்துப் பார்க்கிற வெறியில் ஜூலிக்குப் பாட்டி. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க உளவுத்துறையில் குமாஸ்தாவாகப் போய், நம் பக்கத்தில் இருக்கும் கண்டியில் 1944-ல் பால் சைல்டைச் சந்தித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் 1948-ல் கணவரின் உத்தியோகத்துக்காக பிரான்ஸ் போய், முப்பது வயசுக்கு மேல்தான் சமையல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பிரெஞ்சு மாவு வேறு, அமெரிக்க மாவு வேறு என்று ஒவ்வொரு குறிப்பையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். 1970-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பிரெஞ்சு ரொட்டி என்ற ஒரே சமாசாரத்துக்காக அவரும் கணவரும் தீர்த்த மாவு 284 பவுண்டு. கிட்டத்தட்ட 130 கிலோ! இப்படிச் சோதித்து எழுதின புத்தகத்தை ஒருத்தி வரி விடாமல் சோதித்துப் பார்த்தால், எழுதியவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கெட்ட வார்த்தை நிறையப் பேசினாள் என்பதற்காகத் தள்ளிவைத்தாரோ என்னவோ. ஜூலியின் வாய் அப்படிப்பட்டது.

படம் அந்த வாயைச் சுத்தமாகக் கழுவிவிட்டது. புழுவும் இல்லை. ஏமி ஆடம்ஸ் அழுதாலும் அழகாக அழுகிறார். பாதிப் படம் ஜூலியாவின் சுயசரிதையிலிருந்து எடுத்த பாரிஸ் கதை. ஆறடி இரண்டங்குல ஜூலியாவாக மெரில் ஸ்ட்ரீப் வந்து நின்றதும் மற்ற பாதி சோனியாகிவிடுகிறது. தியேட்டரை விட்டு வரும்போது 'அந்த அம்மா வந்த இடமெல்லாம் ஜோர், இந்தப் பொண்ணுதான் சும்மா சிணுங்கிக்கிட்டே இருக்கு' என்கிற எண்ணம்தான் வரும். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. புருஷன் சம்பாத்தியத்தில், பாரிஸில், நல்ல மார்க்கெட் பக்கத்தில் இருந்துகொண்டு உற்சாகமாகச் சமைக்க முடியும். எட்டு மணி நேரம் அடுத்தவர் அழுகையைப் போனில் கேட்டுவிட்டு வந்து வாத்துக்கு எலும்பு நீக்குவது வேறே ஜாதி வேலை. சிணுங்காமல் எப்படி?

ஜூலி ரிப்போர்ட் எழுதவில்லை என்றாலும் ஒன்று நடந்தது. படம் வந்த 2009 ஆகஸ்டில், வெளியாகி 48 வருஷம் ஆகப்போகிற அந்தப் பழைய தலையணைப் புத்தகம் முதல்முறையாக நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஜூலியா டி.வி-யில் கொடிகட்டிப் பறந்த காலத்தில்கூட நடக்காதது. வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆஸ்பிக் பக்கம் வரை போனார்கள் என்று கேட்காதீர்கள். பிறகு இது ஒரு வழக்கமாகவே ஆகி, கேரல் ப்ளைமைர் என்பவர் தாமஸ் கெல்லரின் பிரபல ஓட்டல் சமையல் புத்தகத்தை வீட்டு அடுப்பிலேயே ஒன்றுவிடாமல் செய்து முடித்தார்.

ஜூலி பவல் அப்புறம் கசாப்புக் கடையில் தொழில் கற்று அதைப் பற்றி இன்னொரு புத்தகம் எழுதினார். முதல் புத்தகம்போல அது போகவில்லை. 2022 அக்டோபரில், 49 வயதில், இதயத்துடிப்பு நின்று இறந்துபோனார்.

ஜூலியாவின் சமையலறையை வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் மியூசியத்தில் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். படத்தின் முடிவில் ஜூலி அங்கே போகிறார். ஜூலியாவின் படத்துக்கு முன்னால், நாம் சாமி படத்துக்கு வைப்பதுபோல, கைப்பையிலிருந்து எடுத்து எதை வைத்துவிட்டு வருகிறார் தெரியுமா? ஒரு பாக்கெட் வெண்ணெய்.