அடைக்கலம் இழந்தோர்: சிலப்பதிகாரத்தில் ஊழும் பொறுப்பேற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

சிலப்பதிகாரத்தின் மையக் கருத்துகளுள் ஊழ்வினையும் ஒன்று. கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறப்பு வினையே காரணம் எனக் காப்பியம் கூறுவதால், அதன் மாந்தர் ஊழின் கைப்பாவைகள் என்ற கருத்து ஆய்வுலகில் நிலவுகிறது. ஆனால் கொலைக்குப் பின் பாண்டியன், மாதரி, கவுந்தியடிகள், மாடலன் ஆகியோர் நடந்துகொள்ளும் முறை இக்கருத்துக்கு இடம் தரவில்லை. இவர்களுள் எவரும் ஊழைக் காட்டித் தம்மை விடுவித்துக்கொள்ளவில்லை. அடைக்கலம் என்னும் அறத்தை மையமாகக் கொண்டு இம்மாந்தரின் பொறுப்பேற்கும் பண்பையும், அதற்கு மாறாகப் பழி பிறர்மேல் ஏற்றப்படும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: சிலப்பதிகாரம், அடைக்கலம், ஊழ்வினை, பொறுப்பேற்றல், கவுந்தியடிகள், மாதரி, பொற்கொல்லன்.

முன்னுரை

மூன்று காண்டங்களும் 30 காதைகளும் கொண்ட சிலப்பதிகாரம், தன் நோக்கங்களாக மூன்றனைப் பதிகத்திலேயே அறிவிக்கிறது. ஆட்சியில் தவறியவரை அறமே அழிக்கும் என்பது முதலாவது; கற்புடையாளை உயர்ந்தோர் போற்றுவர் என்பது இரண்டாவது; முன்வினை தன் பயனைத் தவறாது ஊட்டும் என்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றுகின்றன. கோவலன் இறந்தது அவன் முன்வினையால் என்றால், பாண்டியன் எவ்வாறு குற்றவாளியாவான்? பாண்டியன் குற்றவாளி என்றால், ஊழுக்கு அங்கு என்ன வேலை?

இவ்வினாவுக்கான விடையைப் பெரும்பாலும் பதிகத்திலும் கட்டுரை காதையிலும் தேடுவதே வழக்கம். மாறாக, துணைமாந்தர் தம் இழப்பை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதிலிருந்து தொடங்கினால் வேறொரு விடை கிடைக்கிறது. மாதரி, கவுந்தியடிகள் ஆகியோரின் முடிவு வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில் மாடலன் கூற்றாகச் சில அடிகளிலேயே சொல்லப்படுகிறது. அடியார்க்குநல்லாரின் விரிவான உரை வஞ்சிக் காண்டத்திற்குக் கிடைக்காமையும் இப்பகுதி போதிய கவனம் பெறாமைக்கு ஒரு காரணம் ஆகலாம்.

அடைக்கலம் என்னும் பொறுப்பு

மதுரையின் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் ஆயர் முதுமகள் மாதரியைக் கவுந்தியடிகள் காண்கிறார். கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கும்போது, இருக்க இடம் கொடு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கண்ணகிக்குத் துணையாகவும் காவலாகவும் தாயாகவும் நீயே இருக்க வேண்டும் என்கிறார். அடைக்கலம் காத்தல் சிறிதாயினும் பெரும்பயன் தரும் என்பதற்குச் சாயலன் மனைவி பேணிய குரங்கின் கதையையும் எடுத்துரைக்கிறார்.

அடைக்கலக் காதையின் அமைப்பு இங்குக் கருதத்தக்கது. கண்ணகி அடைக்கலமாகக் கொடுக்கப்படுவதற்கு முன்பு, அதே காதையில் கோவலனின் பழைய அறச்செயல்களை மாடலன் எடுத்துரைக்கிறான். யானையின் கையில் அகப்பட்ட முதிய அந்தணனைக் கோவலன் மீட்டான். கீரியைக் கொன்ற பழியால் கணவனைப் பிரிந்த பெண்ணின் பாவம் நீங்கப் பொருள் அளித்தான். கற்புடைய பெண்ணின்மேல் பொய்ப்பழி கூறியவனைப் பூதம் பற்றியபோது, அவனுக்கு ஈடாகத் தன் உயிரைத் தர முன்வந்தான். பூதம் மறுத்துவிடவே, அவன் குடும்பத்தைப் பல்லாண்டு பேணினான். பிறருக்குப் புகலாக நின்ற ஒருவனே இப்போது புகல் தேடி நிற்கிறான். பொய்க்கரி கூறியவனுக்காகத் தன் உயிரைக் கொடுக்கத் துணிந்தவன் பொய்க்கரியாலேயே உயிர் இழக்கப்போகிறான். பிறர் செய்த குற்றத்தின் சுமையைத் தானே முன்வந்து ஏற்பது இக்காப்பிய உலகில் உயர்ந்த அறம் என்பது கொலைக்கு முன்பே இவ்வாறு நிறுவப்பட்டுவிடுகிறது. பின்னர் வரும் மாந்தரை அளக்கும் அளவுகோல் இதுவே.

மாதரி: அதிகாரமற்றவளின் தீர்ப்பு

கொலைக்களக் காதையில் மாதரி தன் கடமையில் எக்குறையும் வைக்கவில்லை. புதிய மனையைத் தருகிறாள். சமைப்பதற்கு வேண்டுவனவற்றை அளிக்கிறாள். மகள் ஐயையைத் துணையாக்குகிறாள். தீய நிமித்தங்கள் தோன்றியவுடன் குரவைக்கு ஏற்பாடு செய்கிறாள். கொலைச் செய்தி வரும் நேரத்தில் நெடுமாலை வழிபட வையைத் துறைக்குச் சென்றிருக்கிறாள். கோவலன் நகருக்குள் சென்றதும் அங்கு நடந்ததும் அவள் கட்டுப்பாட்டில் இல்லாதவை.

ஆயினும் நீர்ப்படைக் காதை தரும் செய்தி வேறு. அடைக்கலப் பொருளைத் தான் இழந்துவிட்டதாக ஆயர்முன் மாதரி சொல்கிறாள். அரசனின் குடையும் கோலும் தவறினவோ என்று கேட்கிறாள். நள்ளிரவில் தீயுட் புகுகிறாள். அவள் கூற்றில் இரண்டு தெளிவுகள் உள்ளன. அரசு தவறியது என்பதை அவள் மறைக்கவில்லை. அரசு தவறியது என்பதால் தன் பொறுப்பு நீங்கிவிட்டதாகவும் கருதவில்லை. பிறர் குற்றத்தை அறிந்திருப்பதும் தன் பொறுப்பை ஏற்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை ஓர் எளிய ஆய்மகள் வழிக் காப்பியம் காட்டுகிறது.

கவுந்தியடிகள்: ஊழை அறிந்தவரின் துயரம்

கவுந்தியடிகள் சமணத் துறவி. வினைக் கோட்பாட்டை மற்றெவரினும் நன்கு அறிந்தவர். அவர் சொல்லுக்கு இருந்த ஆற்றல் நாடுகாண் காதையில் வெளிப்படுகிறது. கோவலனையும் கண்ணகியையும் தம் மக்கள் என அவர் கூற, அதனை எள்ளி நகைத்த இருவர் நரிகளாகின்றனர். இணையரின் வேண்டுகோளால் அச்சாபத்திற்கு 12 திங்கள் எல்லை வகுக்கப்படுகிறது. அத்தகைய சொல்லாற்றல் உடையவரால் தம் மக்கள் என்று ஏற்றுக்கொண்டவர்களைக் காக்க முடியவில்லை.

கோவலனின் முடிவைக் கேட்டபோது, அது அவன் வினை என்று கூறி அமைதியடையும் வாய்ப்பு வேறெவரையும்விட அவருக்கே இருந்தது. அவர் வினையைப் பற்றித்தான் பேசுகிறார்; ஆனால் அவர்களுடைய வினை தம்மோடு சேர்ந்தல்லவா உருத்தது என்று தம்மையும் அதனுள் வைத்துப் பேசுகிறார். பின்னர் உண்ணாநோன்பு ஏற்று உயிர் நீக்கிறார். ஊழ் என்பது இங்குத் தப்பிக்கும் வழியாக இல்லை. தம்மைத் தாமே வினவிக்கொள்ளும் மொழியாக இருக்கிறது. ஊழ்க் கோட்பாட்டை ஏற்றவர்கள் பொறுப்பைத் துறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்னும் எளிய முடிவைக் கவுந்தியடிகளின் பாத்திரம் மறுக்கிறது.

செய்தி கொண்டு சென்ற மாடலன் நிலையும் இதுவே. மதுரையில் நிகழ்ந்ததைப் புகாரில் சொன்னது மட்டுமே அவன் செயல். தன் வாய்ச்சொல் கேட்டு உயிர் துறந்தோர் இருந்தமையால், அத்தீவினை நீங்கக் கங்கையாட வந்ததாகச் செங்குட்டுவனிடம் கூறுகிறான்.

பாண்டியனும் ஊழ் உரைக்கப்படும் வரிசையும்

பாண்டியன் ஆணையிடும் இடத்தில் வினை விளையும் காலம் நெருங்கியதைக் காப்பியப் புலவரே குறிப்பிடுகிறார். அரசன் சொல்லக் கருதியது ஒன்று, அவன் வாயில் வந்தது மற்றொன்று என உரை மரபு அவ்விடத்தை விளக்கும். எனினும் இவ்விளக்கம் படிப்போருக்குச் சொல்லப்படுவது. பாண்டியன் அறிந்தது அன்று. வழக்குரை காதையில் சிலம்பு உடைந்து, அரசியின் சிலம்பிலுள்ள முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தபோது, பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று தீர்ப்பளித்து அவன் உயிர் விடுகிறான். பொற்கொல்லன் பெயர் அக்கூற்றில் வருகிறது. ஆனால் பழி அவனுக்கு மாற்றப்படவில்லை. ஆராயாமல் கேட்டது தன் குற்றம் என்பதே அரசனின் துணிபு.

சிங்கபுரத்துப் பரதனாக முற்பிறப்பில் இருந்த கோவலன், வணிகன் சங்கமனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக்கொடுத்ததும், அவன் மனைவி நீலி சாபமிட்டதும் மதுராபதித் தெய்வத்தால் விரிவாகச் சொல்லப்படுவது கட்டுரை காதையில்தான். அது 23-ஆம் காதை. வழக்குரை காதை 20-ஆவது. அதாவது மனித நீதி முற்றுப்பெற்று, அரசன் இறந்து, நகர் எரிந்த பின்னரே ஊழின் வரலாறு உரைக்கப்படுகிறது. பாண்டியன் அதனைக் கேட்காமலே இறக்கிறான். இவ்வரிசை மாறியிருப்பின் அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். குற்றத்திலிருந்து விடுவிக்கும் கருவியாக அன்றி, நிகழ்ந்து முடிந்த துயருக்குப் பொருள் காணும் முயற்சியாகவே காப்பியம் ஊழைப் பயன்படுத்துகிறது எனக் கொள்வதற்கு இவ்வரிசையே சான்று.

தெய்வத்தின் விளக்கம் கண்ணகியின் துயரையும் ஆற்றவில்லை. கணவனைக் காணும்வரை இருத்தலும் நிற்றலும் இலேன் என்று கூறி, கொற்றவை வாயிலில் வளையல்களை உடைத்து, மேற்றிசை வாயில் வழியே அவள் வெளியேறுகிறாள். பாண்டியன் தீதற்றவன் என்று அவள் கூறுவது வாழ்த்துக் காதையில், தெய்வ நிலை எய்திய பின்னரே. அதற்கு முன் அரசன் தன் உயிரால் பொறுப்பேற்றிருந்தான்.

பழி மாற்றுவோர்

பொறுப்பேற்போருக்கு எதிர்நிலையில் நிற்பவன் பொற்கொல்லன். தான் திருடிய சிலம்பின் பழியைப் பிறன்மேல் ஏற்றுகிறான். கோவலனின் தோற்றம் கண்டு ஐயுற்ற காவலரிடம் கள்வரின் திறங்களை விரித்துரைத்து அவர்கள் ஐயத்தை அழிக்கிறான். காவலரும் குற்றமற்றவர் அல்லர். உண்மையை ஓரளவு உணர்ந்தும், அரசன் ஒறுப்பான் என்ற அச்சத்தால் அவர்கள் கொலையைத் தடுக்கவில்லை. இறுதியில் குடிமயக்கில் இருந்த ஒருவனின் வாள் முடிவு செய்கிறது.

ஆனால் காப்பியத்தில் இதனினும் கடுமையான பழிமாற்றம் பின்னர் நிகழ்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஒரே நாளில் பொற்கொல்லர் 1000 பேரைக் கண்ணகிக்குப் பலியிட்டதை நீர்ப்படைக் காதையும் உரைபெறு கட்டுரையும் குறிப்பிடுகின்றன. பசி, நோய் நீங்க ஆற்றிய சாந்தியாகவே உரைபெறு கட்டுரை இதனைக் காட்டுகிறது. இவ்விடத்தைப் பக்தி வெளிப்பாடாக மட்டும் வாசித்துக் கடந்து செல்வது பொருந்தாது. ஒருவன் செய்த குற்றத்திற்கு ஒரு தொழிற்குலம் முழுவதும் தண்டிக்கப்படுகிறது. தந்தையோ உறவினனோ செய்யாத குற்றத்திற்கு ஆயிரவர் மாள்கின்றனர்.

கண்ணகி மூட்டிய தீயோடு இதனை ஒப்பிட வேண்டும். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை நீக்கித் தீயோரிடமே செல்லுமாறு அவள் தீக்கடவுளை ஏவுகிறாள். சினத்தின் உச்சியிலும் அவள் தீ வேறுபாடு அறிகிறது. செழியனின் பலியில் அவ்வேறுபாடு இல்லை. கண்ணகி அப்பலியைக் கேட்டதாகவோ, ஏற்று மகிழ்ந்ததாகவோ அவள் கூற்று எதுவும் காப்பியத்தில் இடம்பெறவில்லை. நெடுஞ்செழியன் பொற்கொல்லனின் குற்றத்தையும் தன்மேல் ஏற்றுக்கொண்டான். அவனுக்குப் பின் ஆண்டவன் அரசின் குற்றத்தைப் பொற்கொல்லர்மேல் ஏற்றினான். ஒரே அரியணையின் இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்து நோக்கும்போதுதான், பொறுப்பேற்றலின் அருமை முழுமையாக விளங்குகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன புலனாகின்றன. சிலப்பதிகாரத்தில் ஊழ் நிகழ்வுகளை விளக்குகிறது. மாந்தரின் பொறுப்பை நீக்குவதில்லை. அரசன், துறவி, ஆய்மகள், அந்தணன் என நிலையால் வேறுபட்டோர் பொறுப்பேற்றல் என்னும் ஒரே அளவால் அளக்கப்படுகின்றனர். அவ்வளவில் அதிகாரமற்ற மாதரி அரசனுக்கு நிகராக நிற்கிறாள். பொறுப்பேற்றல் உயிர்விடுதலாகவே அமைவது அக்காப்பியக் கால விழுமியம். அதனை இன்றைய வாசகர் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஏற்க வேண்டுவது, நம்பி வந்தவருக்கு நேர்ந்த கேட்டில் தன் பங்கு யாது என்று கேட்கும் மனநிலையை.

பொற்கொல்லர் பலியைக் காப்பியம் ஒளிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. அதனைக் கண்டிப்பதற்கான அளவுகோலை மாதரி, கவுந்தியடிகள், நெடுஞ்செழியன் ஆகியோர் வழியாக அதுவே வாசகர் கையில் தருகிறது. சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் வழக்குரை காதைக்குத் தரப்படும் இடத்தில் ஒரு பகுதியேனும் நீர்ப்படைக் காதைக்கும் தரப்படுமாயின், இக்காப்பியத்தின் அறம் அரசவையோடு முடிந்துவிடவில்லை என்பதை மாணவர் உணர்வர்.