துண்டை யார் வீசுவது?

‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் நேராக அமேசான் பிரைமில் வந்தது. டான்சிங் ரோஸின் கால்களைப் பற்றியும் வடசென்னை அரசியலைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. ரங்கன் வாத்தியாரைப் பற்றி நான் வாசித்ததெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: நேர்மையானவர், கொள்கைக்காரர், பசுபதி பின்னிட்டார். பசுபதி பின்னினார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ரங்கன் நல்ல வாத்தியாரா?

குத்துச்சண்டை வாத்தியாருக்கு அடிக்கக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். மீதி வேலை, போதும் என்று சொல்வது. தலையில் அடி வாங்கிக்கொண்டிருப்பவனுக்குத் தான் எவ்வளவு வாங்கியிருக்கிறோம் என்று தெரியாது. அதனால்தான் துண்டு மூலையில் நிற்பவர் கையில் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் இடத்தில் இயந்திரங்களில் சிவப்பாக ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். கை மாட்டிக்கொண்டவனால் பல நேரம் அதை எட்ட முடியாது. பக்கத்தில் நிற்கிறவன்தான் அழுத்தணும்.

ரங்கன் அந்தப் பொத்தானை ஆரம்பத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுகிறார். வேம்புலியிடம் தோற்றால் சார்பட்டா இனி மேடையே ஏறாது என்று சபதம். பரம்பரையின் மொத்த மானத்தையும் ஒருத்தன் உடம்பின் மேல் ஏற்றியாகிவிட்டது. அந்த உடம்பு உடைய ஆரம்பித்தால் துண்டை வீச அவருக்குக் கை வருமா? படம் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. வேண்டாம் என்று தடுப்பது அம்மா பாக்கியம்தான். அவளுடைய பயமும் மேடைக்கு வெளியே இருக்கும் கத்தியைப் பற்றியது.

சிறையிலிருந்து திரும்பிய ரங்கன், குடித்துக் குடித்து உடல் தளர்ந்துபோன கபிலனை இனி தேறமாட்டான் என்றே நினைக்கிறார். படம் இதை நம்பிக்கையிழப்பாகக் காட்டுகிறது, நாயகன் முறியடிக்க வேண்டிய அவமானமாக. எனக்கு என்னவோ, ரங்கன் வாத்தியாராக நடந்துகொண்ட ஒரே இடம் அதுதான் என்று படுகிறது.

கதை நடக்கும் அதே 1975இல், அக்டோபர் 1ஆம் தேதி, மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்றாவது முறையாக மோதினார்கள். 14 சுற்று முடிந்தபோது ஃப்ரேசியருக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. இன்னொரு கண்ணில் முன்பிருந்தே பார்வை குறைவு. மிச்சமிருந்தது ஒரே சுற்று, மூன்று நிமிஷம். பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை எழவிடவில்லை. ஃப்ரேசியர் மறுத்தும் கேட்கவில்லை. எதிர்மூலையில் அலியும் கிட்டத்தட்ட முடிந்துபோன நிலையில்தான் இருந்தார். ஃபட்ச் விட்டுக்கொடுத்தது உலகப் பட்டத்தை. பரம்பரை மானத்தைவிட அது ஒன்றும் சின்ன விஷயமில்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தே தாரேக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னபோது நண்பன் சிரித்தான். “படத்துல துண்ட வீசினா எவன்டா பாப்பான்?” பார்த்திருக்கிறார்களே. ‘மில்லியன் டாலர் பேபி’யில் கிழட்டுப் பயிற்சியாளரை அரிப்பதே, நிறுத்தாமல் விட்ட ஒரு சண்டையில் நண்பனுக்குப் போன கண்தான். அதுவும் ஆஸ்கார் வாங்கிய படம்தான்.

சினிமாவை விடுங்கள், பக்கத்து ஊருக்கு வருவோம். 2017 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஒரு மோய்தாய் நிகழ்ச்சி. பிரபலங்கள் மோதும் ஆட்டத்தில் வரவேண்டியவர் விலகிவிட, கடைசி நேரத்தில் உடற்கட்டுத் துறையைச் சேர்ந்த பிரதீப் சுப்ரமணியன் மேடை ஏறினார். வயது 32. ஆட்டம் முடிந்ததும் சரிந்தவர் அன்றே இறந்துபோனார். துணிச்சலுக்குக் குறைவில்லாத ஆட்களிடம்தான் “வேணாம் தம்பி” என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

கடைசிச் சண்டையில் வேம்புலியிடம் கபிலன் அடி மேல் அடி வாங்குகிறான். ரங்கன் மூலைக்கு வருகிறார். எப்படித் திருப்பி அடிப்பது என்றுதான் சொல்கிறார். நாம் விசில் அடிக்கிறோம். நானும்தான்.