கத்தரிக்கோல் என்னும் உவமை

விஞ்ஞானத்தைத் தமிழில் எழுத முற்படுவோர்க்கு உவமையே ஊன்றுகோல். காணாத பொருளைக் கண்ட பொருளைக் கொண்டுதானே விளக்க முடியும்? ஆயினும் உவமை எளிதாயிருத்தல் மட்டும் போதாது, பொருந்தவும் வேண்டும். மரபணுவியல் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இன்று பெரிதும் வழங்கும் 'மூலக்கூற்றுக் கத்தரிக்கோல்' என்ற உவமை எவ்வளவு பொருந்துகிறது என்று காண்போம்.

உவமிக்கப்படும் பொருள், பாக்டீரியாக்கள் தம்முள் உண்டாக்கும் ஒருவகை நொதி. இலங்கைத் தமிழர் இதனை நொதியம் என்பர். இவ்வகையில் பெயர்பெற்றது ஈகோ-ஆர்-1. டி.என்.ஏ. என்னும் இரட்டை இழையில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு எழுத்துகள் இவ்வரிசையிலேயே அமைந்த இடத்தில் இது வெட்டும்.

தொல்காப்பியத்தின் உவமவியல், உவமைக்குத் தொழில், பயன், வடிவு, நிறம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொள்கிறது. இங்கு நிறத்துக்கு வேலையில்லை. ஏனைய மூன்றையும் உரைத்துப் பார்க்கலாம்.

வடிவில் பொருத்தம் உண்டு. ஒரே அமைப்புடைய இரு பாதிகள் சேர்ந்து இழையைப் பற்றுகின்றன. ஒவ்வொரு பாதியும் ஓர் இழையை வெட்டுகிறது. கத்தரியின் இரண்டு அலகுகளை இது நினைவூட்டுவதை மறுக்க இயலாது.

தொழிலிலோ பாதிப் பொருத்தமே. கத்தரிக்கோல் எங்கு வைத்தாலும் வெட்டும். இந்நொதியோ இடமறிந்த பின்னரே வெட்டும். நான்கு எழுத்துகளும் சமமாக விரவியிருந்தால் 4,096 எழுத்துகளுக்கு ஓரிடமே அதற்கு அகப்படும். அவ்விடத்தின் அழகையும் நோக்குக. எதிர் இழையை எதிர்த்திசையில் படித்தாலும் அதே ஆறெழுத்தே வரும். திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றை அறிந்த தமிழருக்கு இதைப் புரியவைப்பது கடினமா? மாலைமாற்றில் ஒரே வரியைத் திருப்பிப் படிக்கிறோம். இங்கே எதிர் வரியைத் திருப்பிப் படிக்கிறோம். வேறுபாடு அவ்வளவே. கைக்கெட்டும் இவ்வுவமையை விட்டுத் தையற்கடைக்குச் செல்வானேன்?

பயனில்தான் உவமை முற்றிலும் தவறுகிறது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, அந்தக் கத்தரிக்கோல் பாக்டீரியாவையே வெட்டிவிடாதா?" என்று என்னைக் கேட்டாள். கேள்வி நேரியது, கத்தரிக்கோலிடம் விடையில்லை. பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் அந்த ஆறெழுத்து வருமிடமெல்லாம் இரண்டாவது 'ஏ'யின் மீது மெத்தில் என்னும் சிறு முத்திரையைப் பதித்துக்கொள்கிறது. முத்திரையுள்ளது தன்னுடையது, முத்திரையின்றி நுழையும் வைரஸின் இழை வெட்டுப்படும். ஆகவே இது தையற்காரர் கருவியன்று; தோட்டத்து வாயிலில் அடையாளம் பார்த்து விடும் காவலாளி.

வரலாறும் இதற்குச் சான்று. ஒரு பாக்டீரியா வகையில் பெருகிய வைரஸ் மற்றொன்றில் பெருக முடியாமற் கட்டுப்படுவதை லூரியா முதலியோர் 1950களில் கண்டனர். காரணத்தை 1960களில் ஆர்பர் விளக்கினார். 1970இல் ஹாமில்டன் ஸ்மித் குறித்த இடத்தில் வெட்டும் நொதியைப் பிரித்துக் காட்டினார். நேதன்ஸுடன் இவ்விருவரும் 1978இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வைரஸைக் கட்டுப்படுத்துவதால் வந்த ஆங்கிலப் பெயரைச் சிலர் 'கட்டுப்பாட்டு நொதி' எனப் பெயர்க்கின்றனர். எதை எது கட்டுப்படுத்துகிறது என்று அச்சொல் கூறவில்லை. 'இடமறிந்து வெட்டும் நொதி' சற்று நீளமாயினும் தெளிவானது.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. இன்று ஆய்வுக்கூடங்களுக்கு விற்கப்படும் ஈகோ-ஆர்-1, மறுசேர்க்கை முறையில் ஆக்கப்படுகிறது. அதன் மரபணுவை வேறொரு பாக்டீரியாவில் புகுத்தி, அந்நொதியை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றனர். முத்திரை பதிக்கும் நொதியின் மரபணுவும் உடன் இருந்தாக வேண்டும். இன்றேல் ஏற்ற பாக்டீரியா தன் இழையே அறுபட்டு மடியும். கத்தரிக்கோலை மட்டும் கற்ற மாணவனுக்கு இவ்வேற்பாடு விளங்காது. காவலாளியைக் கற்றவன் தானே ஊகித்துவிடுவான்.

இந்நாட்டில் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. 2003இல் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதையும், அம்முறையைக் கைவிடும் முடிவு 2009இல் வந்ததையும் நாம் கண்டோம். நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழில் கேட்கும் காலம் மிகக் குறுகியது. சுங்கை பெசார் வட்டாரத்தில் அவர்களைச் சூழ்ந்து நிற்கும் செம்பனைக்கும் இவ்வியல் அயலன்று; அதன் கொட்டை ஓட்டின் தடிப்பை நிர்ணயிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர் குழு 2013இல் வெளியிட்டது. அக்குறுகிய காலத்தில் மனத்திற் பதியும் படம் பிழைபட்டால், பின்னர் எம்மொழியில் கற்றாலும் பிழை தொடரும். எழுதுவோர் உவமையை எடுக்குமுன் ஒரு குழந்தையின் கேள்விக்கு அது தாங்குமா என்று சோதித்துப் பார்ப்பாராக.