திருச்சியில் செத்த பிஷப்

எங்க எடமலைப்பட்டி புதூர்ப் பிள்ளைகளுக்கு ஹீபர் என்றால் ஒரு காலேஜ். ஆள் யாரென்று கேட்டால், திருச்சியில் குளிக்கும்போது செத்துப்போன வெள்ளைக்கார பிஷப் என்பதோடு கதை முடிந்துவிடும். 1826 ஏப்ரல் 3, வயது 42, கல்லறை தூய யோவான் ஆலயத்தில். சரி. அந்தச் சாவுக்கு முந்தின சில வாரங்களைத்தான் பக்திச் சரித்திரங்கள் அவசரமாகத் தாண்டுகின்றன.

ரெஜினால்ட் ஹீபர் ஆக்ஸ்போர்டில் பரிசு வாங்கிய கவிஞர். 1819இல், இந்தப் பக்கமே எட்டிப்பார்க்காத காலத்தில், ஒரு மிஷனரிப் பாட்டு எழுதினார். அதில் இலங்கை வருகிறது. இயற்கைக்குக் குறையில்லையாம், மனுசன்தான் இழிந்துகிடக்கிறானாம். காந்திகூட இதைக் கண்டித்தார்.

1823இல் கல்கத்தா பிஷப்பாக வந்தவர் 1826 மார்ச்சில் தெற்கே இறங்கியபோது, தஞ்சைச் சபைகளில் சாதிச் சண்டை. கோயிலில் தனி இடம், நற்கருணைக்கு வெள்ளாளர் முதலில், பறையர் பிறகு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தனித்தனி. இதை ஒழிக்கப் பார்த்த மிஷனரிகளை எதிர்த்து நின்றவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர்.

ஹீபர் என்ன செய்தார்? தானே குருப்பட்டம் கொடுத்த கிறிஸ்தியான் தாவீதிடம் சாதி பற்றி விசாரித்திருந்தார். அவர் அதை உலகக் காரியம் என்றார். ஹீபர் ஒரு மிஷனரிக்குக் கடிதம் எழுதினார்: ஐரோப்பாவிலும் கோயிலில் அந்தஸ்துப்படி உட்காருகிறார்கள், அமெரிக்காவில் கறுப்பனை வெள்ளையன் பக்கத்தில் விடுவதில்லை, இதுவும் அப்படித்தானே? விசாரிக்க ஒரு குழுவும் போட்டார். அதற்குள் சாவு வந்துவிட்டது.

இதை நிதானம், பெருந்தன்மை என்கிறார்கள். மனுசர் கெட்டவரில்லை, செத்த அன்று காலையிலும் தமிழ்ச் சபைக்குத் தமிழிலேயே ஆசீர் சொன்னவர். ஆனால் பார்க்காத தேசத்து மனுசனை இழிந்தவன் என்று பாடிய அதே பேனா, ஒருத்தனைக் கண்ணெதிரே பந்தியில் பின்னுக்குத் தள்ளியபோது அதை வழக்கம் என்றது. அமெரிக்காவில் அடிமையாகக் கிடந்தவனையா இங்கே சாதிக்குச் சாட்சி கூப்பிடுவது? இழிவை அந்நியன் வேதத்தில் தேடிய கண்ணுக்குத் தன் பீடத்துக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை.

1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விடச் சொல்லி எழுதினார். வெறும் வழக்கம் என்றால் விட்டுத் தொலைத்திருக்கலாமே? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டே போனார்கள். ஹீபர் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த 1833ஐயும் சேர்த்து எழுதட்டும்.