குமிழ் ஒன்று, ஊர் இரண்டு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது டம் டம் பாறை வரை சிரமமில்லை. அதற்கு மேலேதான் வில்லங்கம். மூடுபனி கண்ணாடியில் படியும். முன்னால் போகும் பஸ் அதன் மேல் சேற்றை வாரி அடிக்கும். வைப்பரை மட்டும் ஓடவிட்டால் சேறு இன்னும் பரவி, பார்வையே போய்விடும். நண்பரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் தண்ணீர் பீய்ச்ச, டேஷ்போர்டிலுள்ள குமிழை மூன்று நான்கு முறை அமுக்க வேண்டும். கியர் மாற்றுவதும் அதே இடது கைதான். கொண்டை ஊசி வளைவில் அதற்கு இரண்டு வேலை!

குமிழுக்குப் பின்னால் இருப்பது ஒரு ரப்பர் சவ்வும் இரண்டு ஒருவழி வால்வும்தான். ரப்பர் வெடித்தால் கதை முடிந்தது. வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு கம்பெனியே இன்று இல்லை. உதிரிபாகம் கேட்டு யாரிடம் போவது? ஆகவே உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ உள்ள பழைய சாமான் கடைகளில் மாருதி 800-இன் வாஷர் டப்பாவை மோட்டாரோடு வாங்கி வருகிறார்கள். அமுக்கும் வரை மட்டும் ஓடும் சுவிட்ச் வேண்டும்; பைக்கின் ஹாரன் பட்டன் அதற்கு அச்சாகப் பொருந்தும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைப்பது முக்கியம். இந்தச் சின்ன பம்புகளுக்கு வெறும் காற்றை உறிஞ்சத் தெரியாது. மேலே வைத்தால் சத்தம் வரும், தண்ணீர் வராது. நடுவில் ஒரு ஃபியூஸ் போடாதவரை நான் நல்ல எலக்ட்ரீஷியன் என்று சொல்ல மாட்டேன்.

இலங்கையில் இதே வேலை பெரும்பாலும் மோரிஸ் மைனரில் நடக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைப்பது ஜப்பான் வண்டிகளின் கழற்றிய சாமான். மோட்டாரோடு, ஸ்டியரிங் தண்டில் பொருத்தும் நெம்புகோல் சுவிட்சும் அங்கே வாங்கலாம். ஆனால் மைனரில் ஒரு பொறி இருக்கிறது. பல மைனர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்று, தண்ணீர் கண்ணாடியை எட்டாமல் பானெட்டிலேயே வழியும். பம்பு பழுது என்று கழற்றி எறிந்தவர்களும் உண்டு.

வேலை ஒன்றுதான் என்றாலும் மனம் வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி இலங்கையில் 2025-இல்தான் திரும்பத் திறந்தது. வரியும் சேர்ந்து புது வண்டி எட்டாத உயரத்தில் இருக்க, மைனர் அங்கே பலருக்கு அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் வண்டி. குமிழைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் போன் சார்ஜரைச் செருகிவிட்டாலும் யாரும் வருந்துவதில்லை. இங்கே ஹெரால்டு ஞாயிற்றுக்கிழமை வண்டி. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய வண்டி 'விண்டேஜ்' பதிவு பெற சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. வாஷர் மோட்டாரை அந்த விதி தொடவே இல்லை. ஆனாலும் பழசு பழசாகவே தெரிய வேண்டும் என்ற ஆசை விடுமா? குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கும், ஹாரன் பட்டன் டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எனக்கு இந்த ஒளிப்பு பிடிக்கும். ஆனால் மழையில் தினமும் ஓட்டுபவனுக்கு நெம்புகோல்தான் நியாயம்.

இதில் யாழ்ப்பாணம் தனிக் கதை. 1990களின் முற்பாதியில், போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் பேட்டரியும் அங்கே போகாது. மண்ணெண்ணெயில் ஓடிய ஆஸ்டின் ஏ40-க்கு, கிளம்புவதற்கு மட்டும் கார்புரேட்டரில் சொட்டுப் பெட்ரோல் ஊற்றினார்கள். அந்த நாட்களில் கைப்பம்பை எடுத்துவிட்டு மோட்டார் வைக்கச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நண்பரும் கைப்பம்பை எறியவில்லை. புதுச் சவ்வு வெட்டிப் போட்டு, மோட்டாரின் குழாயோடு ஒரு டீ இணைப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒருவழி வால்வு உண்டு. போன முறை வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே ஃபியூஸ் போனபோது, குமிழை அமுக்கிக்கொண்டேதான் மலை ஏறினோம்.