ஸ்கேல் எடுத்துப்போய் வாங்கிய திரை

இ-ரீடர் பார்க்கப் போனபோது பையில் 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றையும் போட்டுக்கொண்டு போனேன். கனடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் தன் கோபோ எலிப்சாவை விற்கிறார் என்று தகவல். நான் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்ததும் மனிதர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அகலம் 15.7, உயரம் 20.9. இத்தாலியில் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரின் கதைகள் அச்சாகும் பொனெல்லி புத்தகத்தின் அளவு 16க்கு 21. அப்போதே மனசுக்குள் வாங்கிவிட்டேன். பேரம்தான் பாக்கி.

என்னிடம் சுமார் 400 காமிக்ஸ் கோப்புகள் இருக்கின்றன, 45 ஜிபி. பாதிக்கு மேல், பரணில் ராமபாணப் பூச்சிகளுக்கு விருந்தாகிக்கொண்டிருந்த பழைய லயன், முத்து காமிக்ஸ் இதழ்களை நானே உட்கார்ந்து ஸ்கேன் செய்தவை. மீதி, காசு கொடுத்து வாங்கிய, பூட்டுப் போடாத சிபிஇசட், பிடிஎஃப் கோப்புகள். 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவி, அதற்குப் பத்து ஆண்டு முன்பு 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் 'ஸ்டீல் கிளா' என்ற பெயரில் பிறந்தவர். ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் நிழலும் வெளிச்சமும் கலந்த அந்தப் பக்கங்களை டேப்லெட்டில் பார்த்தால் ஏதோ விளம்பரப் பலகை மாதிரி பளபளக்கிறது. காகிதம் போல இருக்க வேண்டும். அதனால்தான் இ-இங்க்.

முதலில் வீட்டில் கிடந்த பழைய 6 அங்குல கிண்டில் பேப்பர்வைட்டில் முயன்றேன். கதை, கட்டுரை படிக்க அருமையான கருவி. காமிக்ஸுக்கு? திரை 9 செ.மீ. அகலம், டெக்ஸ் பக்கம் பரப்பளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதிய பலூன் அந்தச் சுருக்கத்தையும் தாங்கும். தமிழ் தாங்காது. முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அப்புறம் ணகரமும் னகரமும் ஒன்றாகின்றன. டெக்ஸும் அவர் கூட்டாளி கார்சனும் பேசிக்கொள்வதை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். போதாக்குறைக்கு கிண்டில் சிபிஇசட் கோப்பை நேரடியாகத் திறக்காது. ஒவ்வொன்றையும் மாற்றி ஏற்ற வேண்டும்.

அடுத்து நண்பரிடம் இரவல் வாங்கிய கோபோ ஆரா ஒன். 2016-ல் வந்தது, 7.8 அங்குலம், 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). டெக்ஸ் பக்கம் இதில் நீள அகலத்தில் முக்கால் அளவில் நிற்கிறது, படிக்க முடிகிறது. ஜப்பானிய மாங்கா மட்டுமே படிப்பவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு கையில் பிடித்துப் படுத்தபடி படிக்கலாம், விலையும் சல்லிசு. ஆனால் சேமிப்பு 8 ஜிபிதான். என் சேகரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாது.

இங்கே ஒரு விஷயம். 'எலிப்சா 227 பிபிஐதானே, பழைய ஆரா ஒன்னே 300 ஆச்சே' என்று நண்பர் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு திரையிலும் புள்ளிகள் 1404க்கு 1872. ஒன்றுக்கொன்று ஒரு புள்ளிகூடக் கூடுதல் இல்லை. ஒன்றில் நெருக்கி வைத்திருக்கிறார்கள், மற்றதில் பரப்பி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதுக் கண்ணுக்குப் பரப்பி வைத்ததே மேல்.

அதே தர்க்கத்தில் 2009-ம் வருடத்து கிண்டில் டிஎக்ஸ் மேல் ஆசைப்பட வேண்டாம். 9.7 அங்குலம் என்றதும் எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் புள்ளிகள் 824க்கு 1200, 150 பிபிஐ. விளக்கு இல்லை, 4 ஜிபி சேமிப்பு. பெரிய திரையில் மங்கலான எழுத்து. காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

பழையது வாங்கும்போது பேட்டரி, கீறல் என்றெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் திரையைப் பாருங்கள். பெரும்பாலான இ-இங்க் திரைகளின் அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே அது விரிசல் விட்டிருக்கலாம். இதற்கு முன்பு தபாலில் வரவழைத்த ஒரு கருவியில் நான் ஏமாந்தது இப்படித்தான். விற்றவர் அனுப்பிய படத்தில் ஏதோ புத்தக அட்டை தெரிந்தது. அந்த அட்டையின் கருப்புப் பகுதிக்குள் ஒரு கோடு ஒளிந்திருந்தது. ஆகவே முழு வெள்ளைப் பக்கம் ஒன்று, முழுக் கருப்புப் பக்கம் ஒன்று, இரண்டையும் விளக்கை அணைத்தும் போட்டும் காட்டச் சொல்லுங்கள். பிறகு பழைய உரிமையாளரின் கணக்கை உங்கள் கண்முன்னால் நீக்கச் சொல்லுங்கள். சார்ஜர் முனையை ஆட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் வாங்க வேண்டாம். என் கனடாக்காரர் சுளிக்கவில்லை. கருவியோடு வந்த பேனா தொலைந்துவிட்டது என்றார்; எனக்கு அது தேவையில்லை, ஆனால் அதைச் சொல்லி ஆயிரம் ரூபாய் குறைத்தேன்.

எலிப்சாவில் 32 ஜிபி, மெமரி கார்டு போட வழியில்லை. 45 ஜிபியை எப்படி அடைப்பது? 'கிண்டில் காமிக் கன்வெர்ட்டர்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரில்தான் கிண்டில், கோபோவுக்கும் வேலை செய்யும். பக்கத்தைத் திரையின் அளவுக்குச் சுருக்கி, நிறத்தை நீக்கி, ஓரங்களை வெட்டித் தருகிறது. எப்படியும் திரை 16 சாம்பல் நிலைகளைத்தான் காட்டப்போகிறது. அதற்கு மேல் கோப்பில் இருப்பதெல்லாம் வெறும் சுமை. மூன்று ராத்திரி கணினியை ஓடவிட்டேன். 45 ஜிபி 14 ஆனது. பக்கம் புரள்வதும் வேகமாயிற்று, ஏனென்றால் எலிப்சாவில் நினைவகம் 1 ஜிபிதான். பெரிய ஸ்கேனைக் கொடுத்தால் திணறாமல் என்ன செய்யும்?

கூடவே 'கேஓரீடர்' என்ற இலவச வாசிப்பு மென்பொருளையும் நிறுவினேன். கோபோவின் சொந்த நூலகம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொட்டும். கேஓரீடர் என் கோப்புறைகளை அப்படியே காட்டுகிறது. அதைவிட முக்கியம், கான்ட்ராஸ்ட் கூட்டும் வசதி. முப்பது நாற்பது வருடத்து நியூஸ்பிரிண்ட் பழுத்துப்போயிருக்கும். ஸ்கேன் செய்தால் அந்தப் பழுப்பு சாம்பலாக மாறிப் பக்கம் முழுக்கப் புகை மூட்டம். இரண்டு படி கூட்டியதும் புகை விலகி, மை மட்டும் நின்றது.

குறைகளும் உண்டு. 383 கிராம், மல்லாந்து படுத்துப் படித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சுகிறது. விளக்கு வெறும் வெள்ளை, இரவுக்கேற்ற மஞ்சள் கிடையாது. நிறம் இல்லாததுதான் பெரிய இழப்பு. 'தங்கக் கல்லறை'யைத் திறந்தேன்; கேப்டன் டைகர் சுற்றித்திரியும் பாலைவனத்தின் செம்மண்ணும் வானமும் ஒரே சாம்பல். வண்ண இ-இங்க் கருவிகள் வந்துவிட்டன, ஆனால் 2024-ல் கோபோவும் கிண்டிலும் கொண்டுவந்தவை 6, 7 அங்குலம். நிறம் 150 பிபிஐ. பிரெஞ்சு ஆல்பத்தின் அகலம் 22 செ.மீ.க்கு அருகே. ஸ்கேலை வைத்துப் பார்க்கவே தேவையில்லை. அதனால் வண்ண ஆல்பங்களான டைகரும் லக்கி லூக்கும் தோர்கலும் பழைய டேப்லெட்டிலேயே இருக்கட்டும்.

நேற்று ராத்திரி ஒரு டெக்ஸ் கதையின் அச்சுப் புத்தகத்தையும் எலிப்சாவையும் மேசையில் அருகருகே வைத்தேன். மனைவி காபி கொண்டுவந்து, எதன் மேல் டம்ளரை வைப்பது என்று ஒரு கணம் தயங்கினாள். கடைசியில் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டாள்.